காற்றுக் குழாயில் வந்த தண்ணீர்

பீங்கான் தொழிலில் இப்போது பணியாற்றும் இளைஞர்கள் சிலர் ஆண்டு மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். அதற்குக் கட்டுரை கேட்டு என் வீட்டுக்கு வந்தார்கள். “மேலதிகாரிங்களோட இணக்கமாப் போறது எப்படின்னு உங்க அனுபவத்துல இருந்து எழுதிக் குடுங்க ஐயா” என்றார்கள். உட்கார வைத்து, மோர் கொடுத்து, வந்த வீடு தவறு என்று சொன்னேன். இணக்கத்தைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. அந்தத் தகுதியை நான் ஒருநாளும் விரும்பியதும் இல்லை. வேண்டுமானால் வாயுக்களைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லும் பார்வை அது. அந்தப் பார்வைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இன்று உங்கள் தொழிற்கூடங்களில் கம்ப்ரசர் வந்து இறங்கும்போதே காற்றை உலர்த்தும் பெட்டியும் கூடவே வந்து இறங்குகிறது. சுவிட்சைப் போட்டால் காற்று வருகிறது. வருகிற காற்று உலர்ந்த காற்றாகவே வருகிறது. அதனால் காற்று என்பது சிந்திக்க வேண்டிய பொருள் என்ற நினைப்பே உங்களுக்கு எழுவதில்லை. அறுபதுகளின் இறுதியில் விருத்தாசலத்தில் நான் வேலைபார்த்த தொழிற்சாலையில் அந்தப் பெட்டி கிடையாது. சிந்திக்க வேண்டியிருந்தது. சிந்திக்க மறுத்ததால் ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் ஒருசேரப் போக இருந்தன.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேப்பூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பம். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அதைவிட ஊக்கத்தோடு மேடையில் பேசக் கற்றேன். தெருமுனைதோறும் மேடை போட்ட காலம் அது. பேசத் தெரிந்தவன் நிமிர்ந்து நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எதிரணியின் வாதத்தை எதிரணியைவிட அழகாக எடுத்துச் சொல்ல வேண்டும், அதன் பிறகே உடைக்க வேண்டும்: இதுதான் எங்கள் பயிற்சியின் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுவே. அதற்குப் பின் பீங்கான் தொழிலில் பட்டயப் படிப்பு. அதற்குப் பின் உதவிப் போர்மேன் வேலை. பேச்சுப் போட்டிகளில் வென்ற செருக்கோடுதான் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். அந்தச் செருக்கை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னவர்கள் பலர். அது செருப்பு அன்று, கழற்றி வைக்க.

என் பொறுப்பில் இருந்தவை இரண்டு: கம்ப்ரசர் அறையும், கிளேஸ் தெளிக்கும் கூடமும். ஒருமுறை சுட்டெடுத்த கோப்பை, தட்டு, ஜாடி ஆகியவற்றின்மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு வர வேண்டுமானால், அதற்குரிய குழம்பை அவற்றின்மீது சீராகத் தெளித்து மறுபடி சூளையில் ஏற்ற வேண்டும். அந்தக் குழம்புதான் கிளேஸ். கையில் பிடிக்கும் ஸ்பிரே கன்னுக்குள் அழுத்தப்பட்ட காற்று பாய்ந்து குழம்பைப் புகைபோல் சிதறடிக்கும். அந்தக் காற்றைத் தருவது கம்ப்ரசர்.

கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டவர் மங்கலம்பேட்டை சலீம் பாய். என்னைவிட மூத்தவர். ‘தம்பி சார்’ என்று அழைப்பார். உறவையும் பதவியையும் ஒரே விளியில் முடித்துவிடுவார். காலையில் வந்ததும் அவர் செய்யும் வேலைகளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் எண்ணெய் மட்டம் பார்ப்பார். பெல்ட்டை விரலால் அழுத்தி அதன் தொய்வைப் பார்ப்பார். பிறகு காற்றைச் சேமிக்கும் டாங்கியின் அடியில் உள்ள குழாயைத் திறந்து, முந்தைய நாள் தேங்கிய தண்ணீரை வடிப்பார். சீறிக்கொண்டு வரும் காற்று வெறும் காற்றாகும் வரை காத்திருந்து மூடுவார். அதன் பிறகே மோட்டாரை ஓட்டுவார். ஒருநாளும் இந்த ஒழுங்கு மாறி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் தேநீர் நேரத்தில் அவர் கேட்டார்: “இவ்ளோ எண்ணெ ஊத்தியும் இதோட தலை கொதிக்குதே தம்பி சார். உராய்வுதானே?”

“உராய்வு கொஞ்சம்தான் பாய். மோட்டார் காத்தைப் புடிச்சு அமுக்குதில்ல? அந்த உழைப்பு எங்கதான் போகும்?”

“எங்க போகும்னு தெரியாது. எனக்குச் சம்பளமா வராதுன்னு மட்டும் தெரியும்.”

அவர் சிரித்தார், நான் விடவில்லை. வாயுவின்மேல் நாம் செய்யும் வேலை அழிந்துபோவதில்லை. வாயு வெப்பத்தை வெளியேற்ற நேரம் தராமல் விரைவாக அமுக்கினால், அந்த வேலை முழுவதும் வாயுவின் அக ஆற்றலாகி அதைச் சூடேற்றுகிறது. மெல்ல அமுக்கி, வந்த சூட்டைச் சுவர் வழியே அவ்வப்போது வெளியேறவிட்டால் வெப்பநிலை மாறாமலே இருக்கும். அமுக்கிய வாயுவைச் சட்டென்று விரிய விட்டால், விரியும் வேலைக்கு வெளியிலிருந்து யாரும் வெப்பம் தராத நிலையில், அது தன் கையிருப்பிலிருந்தே செலவழித்துக் குளிர்கிறது. சைக்கிள் பம்ப் சூடாவதும், ஸ்பிரே கன்னின் மூக்கு சில்லிட்டுப் போவதும் ஒரே விதியின் இரண்டு முகங்கள். வெப்ப இயக்கவியலின் முதல் விதி என்பது இவ்வளவுதான்: இங்கே வந்தது எங்கிருந்தோ வந்தது, இங்கிருந்து போனது எங்கோ போயிருக்கிறது. ‘தானாக வந்தது’ என்றும் ‘மாயமாய்ப் போனது’ என்றும் சொல்ல அந்த விதி யாரையும் விடாது.

“கூட்டம் முடிஞ்சுதா? கைதட்டணுமா?” என்றார் சலீம் பாய்.

எங்கள் தொழிற்சாலைக் கண்காணிப்பாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து வந்தவர், சூளை அறிவில் வல்லவர். அதை மறுப்பது நேர்மை ஆகாது. கையில் எப்போதும் ஒரு பென்சில் வைத்திருப்பார். சுட்ட கோப்பையை அதனால் தட்டி ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடிப்பார். குரலை உயர்த்தமாட்டார். கேள்வியைத் தாமே கேட்டுப் பதிலையும் தாமே சொல்லிவிடுவார். தொழிலாளி எதிரிலேயே நின்றாலும் அவரிடம் நேராகப் பேசமாட்டார். இடையில் நிற்பவரிடம் “அந்த அம்மாகிட்ட சொல்லுங்க” என்பார். தாம் கொடுத்த ஆணையைத் திரும்பப் பெற்றார் என்று அவரைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆணைகளில் ஒன்று கம்ப்ரசரைப் பற்றியது. கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் குழாய் முதலில் வெளிச்சுவரின் பக்கம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் களிமண் அரைக்கும் இடம், புழுதி பறக்கும், வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். புழுதிக்கு வழியே இருக்கக் கூடாது என்று முடிவுசெய்த கண்காணிப்பாளர், வெளிச்சுவர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, உறிஞ்சும் குழாயை மறுபக்கத்து உலர்த்தும் அறைக்குள் திருப்பச் செய்தார். வனைந்த ஈரப் பாண்டங்களைத் தட்டுகளில் அடுக்கிச் சூளையின் மிச்சச் சூட்டில் காய வைக்கும் அறை அது. துளிப் புழுதி கிடையாது. மேலும் அங்கே எந்நேரமும் அனல். அனலான காற்று உலர்ந்த காற்றாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பார்வையிட வந்த உயர் அதிகாரி ஒருவர் அந்த ஏற்பாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் குழாய்க்கு ஒரு புனிதம் வந்துவிட்டது.

மாசி மாதம். மழை இல்லை; கிணற்றடிச் சேறுகூடக் காய்ந்து வெடித்திருந்தது. அந்த நேரத்தில் சூளையிலிருந்து வெளிவந்த கோப்பைகளில் மெருகு அங்கங்கே விலகி, குழி விழுந்து கிடந்தது. “அம்மை போட்டிருக்குது” என்றார்கள் தொழிலாளிகள். வாரந்தோறும் அம்மை கூடியது. தெளிக்கும்போது எங்கோ தண்ணீர்ச் சொட்டு விழுந்திருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

கண்காணிப்பாளர் கேள்வியையும் கேட்டார், பதிலையும் சொன்னார். அம்மை கண்ட கோப்பைகளில் பெரும்பாலானவை கொளஞ்சி தெளித்தவை. ஆகவே கொளஞ்சி, வேலை விரைவாக ஓட வேண்டும் என்று கிளேஸ் குழம்பில் தண்ணீர் கலக்கிறார்.

கொளஞ்சி ஸ்ரீமுஷ்ணம் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போனவர். வாய்த்துடுக்குக்காரர், கை சுத்தம். தெளிக்கும் கூடத்தின் கடைசி மேசை அவருடையது. குழாய் வந்து முடியும் இடமும் அதுதான். கிளேஸில் கலப்படம் செய்தார் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டால், சூளைக்குச் சூளை செய்தி பரவும் அந்த ஊரில் எந்தப் பட்டறையும் அவரைப் படியேற விடாது. பிரிவின் உதவிப் போர்மேன் என்ற முறையில், அவர் தண்ணீர் கலந்ததைக் கண்டதாக நான் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு நீக்க ஆணை.

கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் தாள் என்னிடம் நீட்டப்பட்டது.

“அந்த அம்மா தண்ணி கலக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க பார்த்ததாப் போடுங்க” என்றார் கண்காணிப்பாளர்.

“யாரு கலந்தா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க!” என்றார் கொளஞ்சி. “எம் புள்ளைங்க சோத்துல கலந்தாலும் கலப்பேன், இதுல கலக்கமாட்டேன்.”

“நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் கையெழுத்திட மாட்டேன்” என்றேன்.

அவர் பென்சிலை மேசையில் மெல்லத் தட்டினார். “அப்போ தண்ணி எங்கேயிருந்து வந்தது? நீங்களே சொல்லுங்க.”

மேடையை அவரே எனக்குப் போட்டுக் கொடுத்தார். நான் ஏறிக்கொண்டேன்.

முதலில் அவருடைய வாதத்தை அவரைவிட நன்றாகச் சொன்னேன். கெட்டுப்போன கோப்பைகளில் பெரும்பாலானவை ஒரே மேசையிலிருந்து வந்தவை. அந்த மேசையில் ஒருவரே வேலை செய்கிறார். குழம்பும் அவர் கையில், கன்னும் அவர் கையில். மழையும் இல்லை, கூரையும் ஒழுகவில்லை. எனவே கை ஒன்றே எஞ்சுகிறது. கூடத்தில் சலசலப்பு எழுந்தது. கொளஞ்சி என்னை முறைத்தார். “இவரு யாரு பக்கம்?” என்று யாரோ கேட்டார்கள். “இருங்க, இப்பதான் மைக்கு சூடாயிருக்குது” என்றார் சலீம் பாய்.

“கை ஒன்றே எஞ்சுகிறது என்றால், கையை மாற்றிப் பார்ப்போம்” என்றேன். கொளஞ்சியின் கன்னிலிருந்து குழம்புக் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே துளி குழம்பு இல்லாமல் துடைத்தேன். ஒருமுறை சுட்டு, மெருகேற்றாத தட்டு ஒன்றை எடுத்து நிறுத்தினேன். ஒரு சொட்டு பட்டாலும் உடனே கறுத்துக் காட்டிக்கொடுக்கும் பண்டம் அது. கன்னைக் கண்காணிப்பாளரிடம் நீட்டினேன். “தங்கள் கை உலர்ந்த கை. கிளேஸ் இல்லை; கிண்ணம் இல்லை; கொளஞ்சியும் இல்லை. வெறும் காற்றை மட்டும் அடியுங்கள்.”

மறுக்க வழியில்லை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு விசையை அழுத்தினார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கன் இருமியது. தட்டின்மேல் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

“அய்யாவும் கலந்துட்டாரு!” என்று பின்வரிசையில் ஒரு குரல். கூடமே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை, நிதானமும் இழக்கவில்லை. “ஸோ, காத்துல தண்ணி. கம்ப்ரசர்காரர் டாங்கியை வடிக்கலை. அவ்வளவுதானே? அவ்வளவுதான்.”

சலீம் பாயின் முகம் வெளுத்தது. குற்றம் கடைசி மேசையிலிருந்து எழுந்து கம்ப்ரசர் அறைக்குள் போய் உட்கார்ந்தது. அந்தத் தொழிற்சாலையில் குற்றம் பக்கவாட்டில் நகரும், கீழே இறங்கும். மேலே ஏறி நான் பார்த்ததில்லை. அன்று ஏற்றியே தீர்வது என்று முடிவுசெய்தேன்.

எல்லோரையும் கம்ப்ரசர் அறைக்கு அழைத்துப் போனேன். டாங்கியை மறுபடி வடிக்கச் சொன்னேன். கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு வெறும் காற்று. திரும்பி வந்து கன்னை அடித்தோம். மறுபடியும் புள்ளிகள். “வடித்த டாங்கியிலிருந்து தண்ணீர் வருகிறது. இதற்குச் சலீம் என்ன செய்வார்?” என்று கேட்டேன். மறுபடி அழைத்துப் போய் டாங்கியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், சுட்டது. ஜன்னல் அடைக்கப்பட்ட அறையில், அனல் அறையின் சுவரை ஒட்டி நிற்கும் டாங்கி குளிர்வது எப்படி? பிறகு நிழல் சுவரோரமாக ஓடிவரும் குழாயைத் தெளிக்கும் கூடத்தில் தொடச் சொன்னேன், குளிர்ந்திருந்தது.

“காற்றை அமுக்கினோம், நாம் செய்த வேலை அதைச் சூடேற்றியது. சூடாக இருக்கும் வரை அதிலுள்ள நீராவி ஆவியாகவே இருந்தது. டாங்கியைக் கடந்து நீண்ட குழாயில் வரும்போது அந்தச் சூடு குழாய்ச் சுவர் வழியே வெளியேறியது. குறுகிய இடத்தில் நெருக்கப்பட்ட ஆவி, குளிர்ந்ததும் தண்ணீர் ஆயிற்று. வடிக்கும் குழாய் டாங்கியில் இருக்கிறது. தண்ணீரோ டாங்கியைத் தாண்டிய பிறகு பிறக்கிறது. குழாய் முடியும் மேசை கொளஞ்சியுடையது. ஆகவே அத்தனையும் அங்கே வந்து விழுகிறது.”

“மாசி மாசத்துல காத்துல ஏது இவ்வளவு ஆவி?” என்றார் கண்காணிப்பாளர். நல்ல கேள்வி. அதைத்தான் எதிர்பார்த்தேன்.

“கம்ப்ரசர் மாசி மாதக் காற்றைக் குடிக்கவில்லை, சார். உலர்த்தும் அறைக் காற்றைக் குடிக்கிறது.”

“அங்கே ஏது ஈரம்? நனைஞ்ச துணியைப் போட்டா நிமிஷத்துல காயுது.”

“காய்ந்த ஈரம் எங்கே போகிறது?”

அவருக்காக நான் சொன்னேன். “நாள்தோறும் அடுக்கடுக்காக ஈரப் பாண்டங்கள் அந்த அறைக்குள் போகின்றன, எடை குறைந்து வெளியே வருகின்றன. பாண்டத்தைவிட்டுப் போன தண்ணீர் இல்லாமற்போகவில்லை. அறையின் காற்றில் ஏறிக்கொண்டது. அந்தக் காற்றை நாம் குழாய் போட்டு உறிஞ்சி, அமுக்கி, குளிரவைத்து, அதே தண்ணீரை அதே பாண்டத்தின்மேல் திருப்பிக் கொட்டுகிறோம். குழாயைத் திருப்பியது கொளஞ்சி அல்லர். சலீமும் அல்லர்.”

யார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். நாற்காலி தந்தார், காப்பி வரவழைத்தார். “அந்த அம்மா வேலையில இருக்கட்டும். சலீமுக்கு ஒரு மெமோ, வெறும் மெமோதான். குழாய் விஷயத்தை இதுல கொண்டுவர வேண்டாம். எல்லாருக்கும் நல்லது இல்லையா? நல்லதுதான்” என்றார்.

எழுந்து நின்றேன். “செய்யாத ஒருவரை விடுவிக்கச் செய்யாத இன்னொருவரைக் கட்டிவைக்க நான் பேசவில்லை. குழாயை வெளியே திருப்பி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் தட்டில் புள்ளி விழுந்தால் நானே வேலையை விட்டுப் போகிறேன்.” காப்பியைத் தொடவில்லை.

சோதனை என்ற பெயரில் குழாய் திரும்பியது. அடைத்த செங்கல்லைச் சலீம் பாயே பெயர்த்தார். அந்தப் பக்கத்துப் புழுதிக்குச் சாக்குத் துணியில் வடிகட்டி கட்டினார். அறை குளிர்ந்தது, டாங்கி குளிர்ந்தது, எஞ்சிய ஈரமும் டாங்கியிலேயே இறங்கி வடிகுழாய் வழியே போயிற்று. கன்னை அடித்தோம். தட்டு வெள்ளையாகவே இருந்தது. அடுத்த சூளையில் அம்மை இறங்கிவிட்டது. என்னிடம் நீட்டிய தாள் கிழிக்கப்பட்டது. சலீம் பாய்க்கு மெமோ வரவில்லை.

மெமோ எனக்கு வந்தது. பணிக்கூடத்தை மேடையாக்கி, தொழிலாளர் முன்னிலையில் மேலதிகாரியை இழிவுபடுத்தியதற்காக எழுத்து மூலம் மன்னிப்புக் கோர வேண்டும். இல்லையேல் பதவி உயர்வுக்குப் பரிந்துரை கிடையாது.

“எழுதிக் குடுத்துடுங்க தம்பி சார்” என்றார் சலீம் பாய். “ரெண்டு வரி. வாய்ல வராட்டி என்ன, பேனாவுல வரட்டும். உங்களுக்கும் குடும்பம் இருக்குதில்ல?”

கொளஞ்சி கன்னைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நன்றி சொல்ல வந்தார் என்று நினைத்தேன். இல்லை.

“எழுதிராதீங்க சார். நீங்க பேசுனது தப்புன்னு எழுதுனா, நாளைக்கு எவனாவது அந்தக் காயிதத்த எடுத்துப் பாத்துட்டு, தண்ணி நாந்தான் ஊத்துனேன்னு சொல்லுவான். உங்க பேச்சு நின்னாத்தான் நான் இங்க நிக்க முடியும்.”

எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்ட வாதத்தை எந்த அணியிடமும் கேட்டதில்லை. என்னால் உடைக்க முடியவில்லை. உடைக்க விரும்பவும் இல்லை.

எழுபதுகள் வந்தன. என்னைப் பொதி கட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள். வைக்கோலுக்கு நடுவே ஜாடிகளை அடுக்குவதை மேற்பார்த்தேன். எனக்குப் பின் வந்தவர்கள் போர்மேன் ஆனார்கள். சிலர் எனக்கே ஆணையிட்டார்கள். கண்காணிப்பாளர் மாறிப் போனார். வந்தவர்களும் பதவி உயர்வு நேரம் தோறும் அந்த மன்னிப்புக் கடிதத்தையே கேட்டார்கள். “பழைய விஷயம்தானே, ரெண்டு வரி எழுதினா முடிஞ்சுது” என்று அன்பாகச் சொன்னவர்களும் உண்டு. அன்பாகச் சொன்னால் பொய் மெய் ஆகிவிடுமா?

குழாய் மட்டும் வெளிச்சுவரின் பக்கமே இருந்தது. அதை மறுபடி உள்ளே திருப்ப எந்தக் கண்காணிப்பாளரும் துணியவில்லை. கொளஞ்சி தம் பணிக்காலம் முடியும் வரை கடைசி மேசையில் கன் பிடித்தார். என் பணிக்காலம் முடியும் வரை நான் அந்த இரண்டு வரியை எழுதவில்லை.